ஓலை வாசிக்கப்படாதவர்கள்

பொம்மசந்திராவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்காகப் போகிறார்கள், இல்லையென்றால் வைத்தியத்துக்காக. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிற தொழிற்பேட்டை அது. தேவி ஷெட்டியின் நாராயணா ஹெல்த் சிட்டியும் அங்கேதான் இருக்கிறது. 2025 நவம்பரில் நான் அங்கே போனது ஒரு ஜெபத்தைப் பற்றிப் பேச.

எனக்கு மருமகள் முறையாகும் பெண் ஒருத்தி அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தூத்துக்குடி மாவட்டத்துப் பெண். அவளோடு கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஒருத்தி வாழ்கிறாள், நர்ஸ். ஊருக்குத் தோழிகள் என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பதியாக வாழ்கிறோம் என்று என்னிடம் சொன்னார்கள். இருவரும் சி.எஸ்.ஐ. குடும்பம். ஓய்வுநாள் பள்ளி, பாமாலை, அசனச் சோறு என்று கோயிலைச் சுற்றியே வளர்ந்தவர்கள். புதிதாக ஒரு வாடகை வீடு பிடித்திருந்தார்கள். "ஒரு ஐயர் வந்து வீட்டுல ஜெபம் பண்ணணும் மாமா. ஆனா நாங்க யாருன்னு தெரிஞ்சு வரணும். மறைச்சுக் கூப்பிட எங்களுக்கு மனசில்ல" என்றாள் மருமகள்.

எங்கள் பக்கத்தில் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு நெடுநாள் பழக்கமான, ஓய்வுபெற்ற ஐயர் ஒருவர் அதே பொம்மசந்திராவில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்த்துக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் தடத்தைப் பிடிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி திறந்த தடம், 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள். சில்க் போர்டு சந்திப்பில் பேருந்துக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ராகிகுட்டாவிலிருந்து அந்தச் சந்திப்பு வரைக்கும் தரையில் ஒரு சாலை, அதற்கு மேலே வண்டிகளுக்கு ஒரு பாலம், அதற்கும் மேலே ரயில். பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, கூட்லு கேட், சிங்கசந்திரா என்று ஊர்ப் பெயர்களாகவே வந்துகொண்டிருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டி கழிந்ததும் ஊரோடு நிறுவனங்களும் சேர்ந்துகொள்ளும்: இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கோணப்பன அக்ரஹாரா, பயோகான் ஹெப்பகோடி, கடைசியில் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா. பெட்டி முழுக்க இளசுகள், கழுத்தில் அடையாள அட்டை. எனக்கு எதிரே ஒரு பெண் கிருஷ்ணகிரித் தமிழில் அம்மாவோடு போனில் வாதாடிக்கொண்டிருந்தாள். "இந்த வரனும் வேணாம்மா, சொன்னா கேளு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

நான் அக்டோபர் மாதச் செய்திகளைத் திரும்ப வாசித்தபடி வந்தேன். அக்டோபர் 3ஆம் தேதி, ஆங்கிலிக்கன் சபைகளின் தலைமைப் பீடமான கேன்டர்பரியின் அடுத்த தலைமைப் பேராயராக சாரா முல்லாலியை அறிவித்தார்கள். அகஸ்டினிலிருந்து 1400 ஆண்டுக்கு மேலாக நீளும் வரிசையில் முதல் பெண். அவரும் நர்ஸாக இருந்தவர். இங்கிலாந்து அரசின் தலைமைச் செவிலிய அதிகாரியாக உயர்ந்து, பிறகு குருப்பட்டம் பெற்றவர். அந்த மாதமே 16ஆம் தேதி மரபைக் காக்கும் ஆங்கிலிக்கன் சபைகளின் காஃப்கான் அமைப்பின் தலைவரான ருவாண்டாவின் லாரன்ட் எம்பாண்டா ஓர் அறிக்கை வெளியிட்டார். கேன்டர்பரி கூட்டும் கூட்டங்களுக்கு இனி வரமாட்டோம், அந்த அமைப்புகளுக்குப் பணமும் தரமாட்டோம், இனி உலக ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்பது நாங்களே என்பது அதன் சாரம். சண்டையின் மையத்தில் இருப்பது ஒரு ஜெபம். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் சேர்ந்து வந்து நின்றால் குருவானவர் கை உயர்த்தி ஆசி கூறலாமா, கூடாதா?

இது நேற்று முளைத்த தகராறு அல்ல. 1998இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான். ஒருபாலின உறவு வேதத்தோடு ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட உறவுகளுக்கு ஆசி வழங்குவதை ஆமோதிக்க முடியாது. 526 பேர் ஆதரித்தார்கள், 70 பேர் எதிர்த்தார்கள், 45 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. அதே தீர்மானத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது: இந்த மக்களின் அனுபவத்துக்குச் செவிகொடுப்போம் என்று பேராயர்கள் அதில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பகுதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர். இரண்டாம் பகுதியை எங்கள் சபைகளில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

2003இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஜீன் ராபின்சன் பேராயரானார். ஓர் ஆணோடு வாழ்வதை மறைக்காதவர். ஆப்பிரிக்கச் சபைகள் பல கொதித்தன. 2008இல் ஜெருசலேமில் காஃப்கான் பிறந்தது. இங்கிலாந்தில் 2014 மார்ச்சிலிருந்து ஒருபாலினத் திருமணம் நாட்டின் சட்டப்படியே நடக்கிறது. ஆகவே இங்கிலாந்துத் திருச்சபைக்கு நெருக்கடி வந்தது. 2023 பிப்ரவரி 9ஆம் தேதி அதன் பொதுச் சினாடு ஆசி ஜெபங்களுக்கு வழிவிட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தெற்கு நாடுகளின் தலைமைப் பேராயர்கள் பலர், அப்போது கேன்டர்பரியில் இருந்த ஜஸ்டின் வெல்பியைத் தங்கள் தலைவராக இனி ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி இங்கிலாந்தின் கோயில்களில் முதல் ஆசி ஜெபங்கள் சொல்லப்பட்டன. மறுநாளே வத்திக்கானும், வழிபாட்டுச் சடங்காக இல்லாமல் எளிய முறையில், அத்தகைய இணையருக்கு ஆசி கூறலாம் என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. அதுவும் உலகம் முழுக்கப் புயலைக் கிளப்பியது வேறு கதை.

இதில் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பு. நம்முடைய குருவானவர்கள் அங்கே போய்ப் பணிசெய்கிறார்கள்; லண்டனில் எட்மண்டன் பகுதிக்கு 2024 முதல் பேராயராக இருக்கும் ஆண்டர்சன் ஜெரமையா சி.எஸ்.ஐ.யில் குருப்பட்டம் பெற்றவர். வீடு பிளந்தால் நம் அறையிலும் விரிசல் விழும். அதைவிட முக்கியமான காரணம், பொம்மசந்திராவில் அந்த இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

நிலையத்திலிருந்து இறங்கினால் ஓசூர் சாலையின் இரைச்சல் முகத்தில் அடிக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அத்திப்பள்ளி எல்லை கொஞ்ச தூரம்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரே டீக்கடையில் முட்டிக்கொள்கிறார்கள். பி.ஜி. விடுதி விளம்பரங்கள் மின்கம்பம் மின்கம்பமாக ஒட்டியிருக்கின்றன. எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி ஒரு வயதான தம்பதி ஆட்டோக்காரரிடம் வங்காள மொழியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். சந்து ஒன்றில், ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில், மூன்று மொழியில் பெயர்ப்பலகை வைத்த ஒரு ஜெபக்கூடம். வேலைக்கு வந்தவர்களின் ஊர் இது. யாரும் இங்கே பிறந்ததாகச் சொல்லவில்லை. அதனாலேயே இங்கே ஒருவரை ஒருவர் அதிகம் விசாரிப்பதில்லை என்று எனக்குப் பட்டது. அந்தப் பெண்களுக்கு அது ஒரு நிழல்.

ஐயர் வீட்டுக்கூடத்தில் அசரியா பேராயரின் படம் மாட்டியிருந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். ஐயரம்மா காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச்சைக் கேட்க வாகாக அடுப்படி வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

ஐயர் நிறைய நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நான் எத்தனை கல்யாணத்துக்கு ஓலை வாசிச்சிருப்பேன்! மூணு ஞாயித்துக்கிழமை வாசிப்போம். ஆட்சேபணை இருக்கிறவங்க இப்பவே சொல்லணும்னு சபையைப் பார்த்துக் கேப்போம். எழுந்து நின்னு சொன்னவங்களும் உண்டு. ஒருதரம் முதல் பெண்சாதி கைக்குழந்தையோட வந்து நின்னா. கல்யாணம்ங்கிறது சபை நடுவுல, எல்லாருக்கும் தெரிய நடக்கிற காரியம். கர்த்தர் ஆணும் பெண்ணுமா சிருஷ்டிச்சார். இயேசு சுவாமியே மத்தேயு பத்தொன்பதுல அதைத்தான் எடுத்துச் சொல்றார். இதை மாத்த நான் யாரு?"

அவர் வெறுப்பில் பேசவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்கச் சபைகளிலும் நம் ஊரிலும் எதிர்ப்பவர்கள் எல்லோரும் வன்மம் பிடித்தவர்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேதத்தைக் கையில் கொடுத்து இதன்படி நட என்று சொன்ன மிஷனரிகளின் பேரப்பிள்ளைகள், இப்போது வந்து வேறு மாதிரி வாசி என்றால், கொடுத்தபோது சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்விக்கு மரியாதை வேண்டும். அதே நேரம், ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவும் 1860இல் வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்ததுதான். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தக் குற்றத்தன்மையை நீக்கும்வரை அது நம் தலைமேல் இருந்தது. அந்த வழக்கில் அந்தப் பிரிவைக் காப்பாற்ற வாதாடியவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கசக்கிறது. ஓர் உறவைப் பாவம் என்று நம்புவது ஒன்று. அதற்காக ஒருவனைச் சிறைக்கு அனுப்பச் சொல்வது முற்றிலும் வேறு.

நான் ஐயரிடம் சி.எஸ்.ஐ. உருவான 1947ஆம் ஆண்டின் சபை இணைப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அவருடைய அப்பா உபதேசியாராக இருந்தவர்.

"எங்க பக்கத்துல நாசரேத் எஸ்.பி.ஜி. மிஷன், மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். மிஷன். ரெண்டும் ஒரே ஆங்கிலிக்கன் சபைதான். அதுக்குள்ளயே அவங்க முறை வேற, இவங்க முறை வேற. இதுல போய் மெதடிஸ்டு, காங்கிரகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லாரோடயும் ஒண்ணாகணும்னா? பேராயர் கை வைக்காம குருப்பட்டம் வாங்கினவர் கொடுக்கிற நற்கருணை செல்லுமான்னு எங்கப்பா காலத்துல ராத்திரி ராத்திரியா பேசியிருக்காங்க."

இணைப்புப் பேச்சு தொடங்கியது 1919 மே மாதம் தரங்கம்பாடியில். பல சபைகளைச் சேர்ந்த ஊழியர்கள் அங்கே கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். பிரிந்து கிடப்பது நாம் உண்டாக்கிய பிரிவுகளால் அல்ல, மேற்கிலிருந்து வந்து நம்மேல் ஏற்றப்பட்ட பிரிவுகளால் என்று அறிக்கை விட்டார்கள். அசரியா அதில் முன்நின்றவர். 28 ஆண்டுகள் பேசினார்கள். அசரியா 1945 ஜனவரி 1ஆம் தேதி காலமானார், முடிவைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, நாடு விடுதலையாகி ஆறு வாரத்தில், சென்னை கதீட்ரல் சாலையின் புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது.

அந்த நாட்களில் இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபை உடையப் போகிறது என்று பயந்தது தென்னிந்தியாவை முன்னிட்டுத்தான். கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இந்த இணைப்புத் திட்டத்தை எதிர்த்துத் தனியாக ஒரு பிரசுரமே எழுதினார். கேன்டர்பரியோடு உறவை முறித்துக்கொள்வோம் என்று சொன்ன துறவிகள் இருந்தார்கள். 1948 லாம்பெத் மாநாட்டில் பேராயர்களால் நம் குருத்துவத்தை ஒருமனதாக ஏற்க முடியவில்லை. ஆந்திரத்தில் நந்தியால் பகுதியின் ஆங்கிலிக்கன் சபைகள், இந்தக் குருத்துவம் செல்லாது என்று இணைப்பில் சேராமல் தனியே நின்றன.

அந்தத் தகராறில் எங்கள் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதுதான் நான் ஐயரிடம் பேச வந்தது. இணைப்பின் அடிப்படை ஆவணத்தில் ஓர் உறுதிமொழி சேர்த்தார்கள். எந்தச் சபையின் மனசாட்சி எதை ஏற்க மறுக்கிறதோ, அந்த வழிபாட்டு முறையையோ அந்தக் குருவானவரையோ அதன்மேல் திணிக்க மாட்டோம். முப்பது ஆண்டுகள் இப்படியே சேர்ந்து வாழ்வோம், அதற்குள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வோம், பிறகு பார்ப்போம். யாருடைய கொள்கையையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாலும் ஒரே பந்தியில் உட்கார்வோம் என்றார்கள். எனக்குத் தெரிந்து, மனசாட்சிகள் மோதும்போது ஒரு சபை எப்படி உடையாமல் இருக்கலாம் என்பதற்கு உலகக் கிறிஸ்தவத்துக்கு நம் மண் கொடுத்த பெரிய கொடை அதுதான். லண்டனும் கிகாலியும் இன்று தேடுவது அதைத்தான். இங்கே இருக்கும் நாமோ அதை மறந்துபோய், சினாடு தேர்தல் வழக்கிலும் சொத்து வழக்கிலும் வக்கீல்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐயர் சும்மா விடவில்லை. "குருப்பட்டம் எப்படிக் கொடுக்கிறதுங்கிறது வேற, எது பாவம்னு சொல்றது வேற, தம்பி. அந்த உறுதிமொழி இதுக்குச் செல்லாது."

வலுவான பதில். இங்கிலாந்திலும் ஆப்பிரிக்காவிலும் மரபைக் காப்பவர்கள் சொல்வதும் இதுதான்: இது ஒழுங்குமுறைத் தகராறு அல்ல, இரட்சிப்பைப் பற்றிய தகராறு. ஆனால் 1947இல் நந்தியால்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். செல்லாத குருவானவர் கையில் வாங்கும் நற்கருணை அவர்களுக்கு வெறும் அப்பம். அது அவர்களுக்குச் சின்னக் காரியமாகவே இருக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் அவர்கள் சி.எஸ்.ஐ.க்குள் வந்தார்கள். சி.எஸ்.ஐ.யில் 1976இல் முதல் பெண் குருப்பட்டம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபை அதற்கு 1994 வரை காத்திருந்தது. 2013இல் சி.எஸ்.ஐ. தன் முதல் பெண் பேராயரை அபிஷேகம் செய்தது. எக்கோனி புஷ்பலலிதா. அவர் பொறுப்பேற்ற பேராயம் எது என்றால் நந்தியால். இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் வந்தது அதற்கடுத்து 2015இல்தான்.

இதைச் சொன்னதும் அடுப்படி வாசலிலிருந்து ஐயரம்மா, "அதைக் கேளுங்க" என்றார்கள். ஐயர் சிரித்தார். பெண்களுக்குக் குருப்பட்டம் கூடாது என்று இளவயதில் அவர் வாதாடியவராம்.

மாலையில் பெண்களின் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை, பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி. பைபிளும் பாமாலையும் டி.வி.க்குப் பக்கத்தில். நர்ஸ் இரவு ஷிப்டுக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. மருமகளுக்கு முந்தைய வருடம் குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கிறது, அவர்கள் முன்பு குடியிருந்த பகுதியில் ஒரு மருத்துவமனையில். அந்தக் கதையை நர்ஸ் சொன்னாள்.

"சம்மதப் படிவத்துல நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும் அங்கிள். தினம் நான் ஆளுங்களை நிரப்பச் சொல்ற கட்டம். அன்னைக்கு என் கையில பேனா. நடுராத்திரி. என்ன எழுதுவேன்? அக்கான்னு எழுதினேன். இனிஷியல் வேற, ஊர் வேற, முகஜாடை வேற. டூட்டியில இருந்த பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு. அப்பாவுக்கு போன் போடுங்கன்னு சொல்லிச்சு. அதோட தப்பில்ல, நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

பழைய படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினாள். 'அக்கா' என்ற எழுத்தின் மேல் பேனா ஒருமுறை அழுத்தி நின்ற புள்ளி தெரிந்தது.

சட்டம் இவர்களை எங்கே விட்டிருக்கிறது? 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, ஒருபாலின இணையருக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தை விரிக்க எங்களால் முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. கிறிஸ்தவர்களுக்கு 1872ஆம் ஆண்டின் திருமணச் சட்டம். அது ஆணுக்கு இத்தனை வயது, பெண்ணுக்கு இத்தனை வயது என்றே பேசுகிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசிடமிருந்து சில தெளிவுரைகள் வந்தன. இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை. நாமினியாக ஒருவரை ஒருவர் எழுதத் தடையில்லை. உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணை கேட்டுப் பெறலாம் என்று சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்று சொல்லி, பெற்றோர் அடைத்துவைத்திருந்த ஓர் இளம்பெண்ணை விடுவித்தார்கள். அதாவது, பிணத்தை வாங்க உரிமை எழுத்தில் வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போது படிவத்தில் எழுத ஓர் உறவு இன்னும் வரவில்லை.

ஆகவே இங்கிலாந்தின் கேள்வியும் நம் கேள்வியும் ஒன்றல்ல. அங்கே அரசு மணமுடித்து அனுப்பியவர்களை என்ன செய்வது என்று சபை திகைக்கிறது. இங்கே அரசும் கைவிட்டு, வீடும் கதவடைத்த பிறகு, மிச்சமிருக்கும் ஒரே இடமாகச் சபையைப் பார்த்து நிற்கிறார்கள். ஐயர் வந்து என்ன ஜெபித்தாலும் சட்டப்படி அது திருமணம் ஆகாது. இங்கிலாந்தின் பேராயர்கள்கூட, ஜெபம் அந்த இருவருக்குத்தான், அவர்களுடைய பதிவுத் திருமணத்துக்கு அல்ல என்று கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோடு யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு தரப்பு இது திருட்டுத்தனம் என்கிறது, மறு தரப்பு இது பிச்சை என்கிறது. என்னைக் கேட்டால், எவ்வளவு குறையுள்ளதானாலும், ஒரு குருவானவர் இவர்கள் முகத்தைப் பார்த்து, இவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

பெங்களூரில் இதைப் பேசுகிறவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி இந்த நகரத்தில்தான் இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களுக்குப் பாலினமும் பாலியலும் புதிய பாடங்கள் அல்ல. இந்திய தேசியக் கிறிஸ்தவ சபைகள் மன்றம் இதற்கென்றே ஒரு தேசிய மேடை வைத்திருக்கிறது. 2008 முதல் நகரத்தில் வானவில் பேரணி நடக்கிறது. நான் மேலே கடந்துவந்த ஐ.டி. வளாகங்களில் இவர்களைப் போன்ற ஊழியர்களுக்கென்று குழுக்கள் உள்ளன. வகுப்பறை பேசுகிறது, அலுவலகம் பேசுகிறது. ஞாயிறு காலையில் பிரசங்க பீடம் மட்டும் பேசவில்லை. அந்த அமைதியை ஒற்றுமை என்று எங்கள் பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேசாதபடியால்தான் நாம் உடையவில்லை, பேசினால் உடைவோம் என்பது அவர்கள் பயம். 28 ஆண்டுகள் உட்கார்ந்து பேசியவர்களின் வாரிசுகளுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

சி.எஸ்.ஐ. சினாடு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆசி வழங்க ஆணையிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இன்றைக்கு அப்படி ஓர் ஆணை வந்தால் பாதிச் சபைகள் வெளியே போகும். 1947இன் உறுதிமொழியை எடுத்து மேசையில் வைக்கட்டும். மனசாட்சி இடங்கொடாத எந்தக் குருவானவரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். மனசாட்சி அனுப்பிய குருவானவரைத் தண்டிக்கவும் மாட்டோம். இந்தப் பிள்ளைகளைச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்க மாட்டோம். 1998இல் வாக்குக் கொடுத்தபடி அவர்கள் சொல்வதைக் கேட்போம். முப்பது ஆண்டு ஆகட்டும்.

மறுநாள் காலை ஐயர் என்னைத் தேடி போன் செய்தார். இரவு முழுவதும் ஐயரம்மாவோடு பேசியிருக்கிறார். "தம்பி, வீட்டுக்கு வரேன். சங்கீதம் வாசிச்சு, வீட்டுக்கு ஜெபம் பண்றேன். ரெண்டு பேருக்கும் சுகம் வேணும், வேலை நிலைக்கணும், பெத்தவங்க மனசு இளகணும்னு பேர் சொல்லி ஜெபம் பண்றேன். ரெண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடிச்சு ஜெபம் பண்ணச் சொல்லி என்னைக் கேக்கக் கூடாது. என்னால முடியாது. அதை முன்னாலயே சொல்லிடுங்க. வந்து உட்கார்ந்தப்புறம் அந்தப் பிள்ளைங்க ஏமாந்து போகக் கூடாது."

அப்படியே சொன்னேன். மருமகளுக்குச் சந்தோஷம், தெரிந்தே வருகிறாரே, அதுவே போதும் என்றாள். நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அரைகுறையாக ஒரு ஜெபம் வாங்கி அதையும் காலமெல்லாம் நன்றியோடு சுமக்க என்னால் ஆகாது என்றாள். இருவரும் என் முன்னாலேயே வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில் நர்ஸ், "ஜெபத்துக்கு முன்னாடி அவர் ஒரு நாள் சாப்பிட வரட்டும். நாங்க கேக்கிறதையும் அவர் கேக்கட்டும், அவர் சொல்றதை நாங்களும் கேக்கிறோம். ஜெபத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள். ஐயரிடம் இதைச் சொன்னபோது, என்ன சமைப்பார்கள் என்று ஐயரம்மா போனைப் பிடுங்கிக் கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, நர்ஸுக்கு ஷிப்ட் இல்லாத நாள் என்று முடிவாயிற்று.